வன்னியில் கட்டடக்கலைப் பள்ளி: கட்டடமும் விரிவாக்கமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையில் கட்டடக்கலைப் பட்டப்படிப்பு என்றதும் மொறட்டுவைப் பல்கலைக்கழகம்தான் நினைவுக்கு வரும். வன்னியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகமாகப் பம்பைமடுவில் இயங்குகிறது. இந்த மண்ணில் கட்டடக்கலைப் பிரிவு ஒன்றுக்குக் கட்டடம் எழுப்பவோ, இருக்கிற வரைகூடத்தைப் பெருப்பிக்கவோ நினைப்பவர்கள் கேட்கக்கூடிய கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறோம். கணக்குக்காக ஒரு மாதிரிக் கட்டடத்தை வைத்திருக்கிறோம்: ஆண்டுக்கு 30 மாணவர், 5 ஆண்டுப் படிப்பு, கீழ்த்தளமும் ஒரு மேல்மாடியும்.

சாதாரண விரிவுரை மண்டபத்தையே வரைகூடமாக மாற்றினால் போதாதா?

ஒரு வருடத்துக்குச் சமாளிக்கலாம். அதற்கு மேல் முடியாது. விரிவுரை மண்டபத்தில் மாணவர் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு எழும்பிப் போய்விடுவார். வரைகூடத்தில் அவருடைய மேசை, வரைதாள், பாதி ஒட்டிய மாதிரி உரு எல்லாம் கிழமைக்கணக்காக அதே இடத்தில் கிடக்கும். அந்த மேசையை இன்னொரு வகுப்புக்குக் கொடுக்க இயலாது. நேரசூசியைப் பார்த்து "பின்னேரம் அறை சும்மாதானே கிடக்கிறது" என்று இன்னொரு பாடத்தைப் போட்டால் சண்டைதான் வரும்.

ஒரு மாணவருக்கு எவ்வளவு இடம் கணக்கிடுவது?

வரைகூடத்துக்குள் 4.5 சதுர மீற்றர். 3.5க்குக் கீழே போனால் மாதிரி உருக்களை நிலத்தில் வைத்துச் செய்யத் தொடங்குவார்கள், நடைவழி அடைபடும்.

ஏ1 தாள் 841 × 594 மில்லிமீற்றர். அதை விரித்து வைத்துப் பக்கத்தில் மடிக்கணினியும் வைக்க, மேசை 1200 × 750 ஆவது வேண்டும். கதிரைக்குப் பின்னால் 900, பொது நடைவழிக்கு 1500. இவற்றைக் கூட்டிப் பார்த்தால் 6 மீற்றர் × 7.5 மீற்றர் அளவிலான ஒரு கண்ணறை, அதாவது 45 சதுர மீற்றர், 10 மாணவருக்குச் சரியாக வருகிறது. ஓர் ஆண்டு வகுப்புக்கு மூன்று கண்ணறை. ஐந்து ஆண்டுக்கும் 15 கண்ணறை, 675 சதுர மீற்றர்.

விரிவாக்கத்தையும் கண்ணறையாகவே எண்ணுங்கள். ஆண்டுக்கு 10 மாணவர் கூடப்போகிறார்கள் என்றால், ஐந்தாம் வருடத்தில் ஐந்து கண்ணறை கூடியிருக்க வேண்டும். திட்டமிடல் கூட்டத்தில் சதுர அடியை மட்டும் வைத்துப் பேசினால் நடைவழியையும் படிக்கட்டையும் யாரோ ஒருவர் அதற்குள்ளேயே சேர்த்து எண்ணிவிடுவார், கடைசியில் மேசைக்கு இடம் இராது.

சுவர் நீளத்தை மறப்பவர்கள் அதிகம். மதிப்பீட்டு நாளில் ஒரு மாணவர் ஆறு ஏ1 தாள் ஒட்டுவார். நிமிர்த்தி இரண்டு வரிசையாக ஒட்டினால் 1.8 மீற்றர் அகலம், நிலத்திலிருந்து 2.3 மீற்றர் உயரம் வரை வெறுஞ்சுவர் தேவை. ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு 18 மீற்றர். நான்கு பக்கமும் யன்னல் வைத்த அழகான வரைகூடத்தில் இந்தச் சுவர் கிடைக்காது. கிழக்கு, மேற்குச் சுவர்களை இதற்கென்று மூடிவிடுங்கள். வெயிலுக்கும் அதுதான் நல்லது.

பிறகு மேலே மாடி கட்டுவதா, பக்கத்தில் நீட்டுவதா?

காணி இருந்தால் பக்கத்தில். நகரக் கல்லூரிகளுக்கு இல்லாத வசதி வன்னியில் இது ஒன்றுதான், அதை வீணாக்கக்கூடாது.

மேலே போவதென்றால் இன்றைய அத்திவாரமே நாளைய மாடியையும் தாங்க வேண்டும். எங்கள் மாதிரிக் கட்டடத்தில் ஒரு தூணின் பங்குக்கு 22.5 சதுர மீற்றர் தளம் வருகிறது. சிலாப், பீம், சுவர், ஆட்கள், மேசை எல்லாம் சேர்த்துச் சதுர மீற்றருக்கு 12 கிலோநியூற்றன் என்று வைத்தால், கூடுகிற ஒவ்வொரு மாடித் தளத்துக்கும் அந்தத் தூணில் 270 கிலோநியூற்றன் ஏறும். மண் சதுர மீற்றருக்கு 150 கிலோநியூற்றன் தாங்கும் என்று பரிசோதனை அறிக்கை சொன்னால், ஒரு தளத்துக்கு 1.8 சதுர மீற்றர், அதாவது 1.35 மீற்றர் சதுர அத்திவாரம் வேண்டும். இரண்டு தளத்துக்கு 1.9 மீற்றர் சதுரம். இது வெறும் ஆரம்பக் கணக்கு, வடிவமைப்பைக் கட்டமைப்புப் பொறியியலாளர்தான் செய்ய வேண்டும். ஆனால் ஒன்று இதிலேயே தெளிவு: 1.35 மீற்றரில் போட்டுவிட்ட அத்திவாரத்தைப் பத்து வருடம் கழித்து 1.9 ஆக்க முடியாது. தோண்டிச் சுற்றிவரக் கொங்கிறீற்றுப் போடுகிற செலவில் புதுக் கட்டடத்தில் பாதி முடிந்துவிடும்.

மேல்மாடி கட்டுகிற எட்டு, பத்து மாதமும் கீழே வகுப்பு நடத்த முடியாது என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். பக்கத்தில் நீட்டினால் கடைசி ஒரு மாதம், சுவரை உடைத்து வழி விடும்போது மட்டும்தான் இடைஞ்சல்.

தூண் கம்பிகளை மேலே நீட்டி விட்டு வைத்தால் போதாதா?

ஊரெல்லாம் பார்க்கிற காட்சி அது. அத்திவாரம் அதற்குத் தக்கதாக இல்லாவிட்டால் அந்தக் கம்பிக்குப் பொருளில்லை. அத்திவாரம் சரியாக இருந்தாலும், மழையிலும் வெயிலிலும் ஐந்து வருடம் நின்ற கம்பி அடியில், கொங்கிறீற்றை விட்டு வெளியே வருகிற இடத்தில், அரித்து மெலிந்திருக்கும். கடலுக்குக் கிட்ட, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கங்களில் இன்னும் கெதியாக.

விடத்தான் வேண்டுமென்றால், 16 மில்லிமீற்றர் கம்பிக்குக் குறைந்தது 800 மில்லிமீற்றர் நீளம் விட்டு, சீமெந்துப் பாலைப் பூசி, சீமெந்து குறைந்த இளக்கக் கொங்கிறீற்றால் பெட்டிபோல மூடிவிடுங்கள். தேவைப்படும்போது உடைத்து எடுக்கலாம். ஏற்கெனவே துருப்பிடித்து நிற்கிற கம்பியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, வேர்னியர் அளவுகோலால் விட்டம் பாருங்கள். செதில் செதிலாக உரிந்தாலோ, குழி விழுந்திருந்தாலோ வெட்டிவிட்டு, துளையிட்டு இரசாயனப் பசையில் புதுக் கம்பி நாட்டி, சிலவற்றை இழுத்துப் பரிசோதிக்க வேண்டும். துளைக்குள் தூசி இருந்தால் பசை பிடிக்காது. ஊதி, தூரிகை போட்டு, திரும்ப ஊத வேண்டும். இந்த வேலையில் பிழைக்கிற இடம் பெரும்பாலும் இதுதான்.

வன்னி மண் எப்படி? அத்திவாரம் எவ்வளவு ஆழம்?

"வன்னி மண்" என்று ஒரே மண் கிடையாது. வவுனியாப் பக்கம் அடியில் பழைய உருமாறிய பாறை (புவியியலாளர் அதை வன்னித் தொகுதி என்றே அழைக்கிறார்கள்), அதன் மேல் செங்கபில மண். பாறை சில இடங்களில் ஒரு மீற்றரிலேயே முட்டும், பத்து மீற்றர் தள்ளித் தோண்டினால் காணாது. அத்திவாரத்தின் ஒரு மூலை பாறையிலும் மற்ற மூலை மண்ணிலும் இருந்தால் சுவர் மூலைவிட்டமாக வெடிக்கும். முருங்கன் பக்கம் கரும் களிமண். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு ஒரு காலத்தில் களி போனது அங்கிருந்துதான். அது மாரியில் வீங்கி, கோடையில் கை போகிற அளவுக்கு வெடிக்கும். அங்கே மேலோட்டமான அத்திவாரம் வருடத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்கும்.

களியென்றால் ஈரம் மாறாத ஆழத்துக்கு, பெரும்பாலும் 1.5 முதல் 2 மீற்றர் வரை, போக வேண்டும். அல்லது களியை அகற்றிக் கிறவல் போட்டு, 150 மில்லிமீற்றர் படையாக நனைத்து இறுக்க வேண்டும். தூண்களை நிலமட்டத்தில் பீம்களால் கட்டுங்கள். மரங்களையும் பாருங்கள். களிமண்ணில் சுவரோடு ஒட்டிய பெரிய மரம் கோடையில் அடிமண்ணை உறிஞ்சி அந்த மூலையை இறக்கும்.

மண்பரிசோதனையை விரிவாக்கப் போகிற காணிக்கும் சேர்த்து இன்றே செய்யுங்கள். துளையிடும் இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்குகிற செலவுதான் பெரிது. வந்தபிறகு இன்னும் இரண்டு துளை போடுவது பெரிய காசில்லை.

தரைமட்டம் எவ்வளவு உயரம்?

2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியில் வெள்ளம் நின்ற மட்டத்தை அயலில் விசாரியுங்கள். சுவரில் அடையாளம் இருந்தால் இன்னும் நல்லது. அதற்கு மேல் 450 மில்லிமீற்றராவது வேண்டும். தரை 600 உயர்ந்தால், 1:12 சரிவில் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 7.2 மீற்றர் நீளும், அதோடு மேலும் கீழும் 1.5 மீற்றர் மேடை. வரைபடத்தில் இதற்கு இடம் ஒதுக்காமல் கடைசியில் ஒட்டினால் 1:6 சரிவில்தான் முடியும், யாராலும் தனியாக ஏற முடியாது. பொதுக் கட்டடங்களுக்கு அணுகுவசதி 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி கட்டாயம். போரில் கால் இழந்தவர்கள் இத்தனை பேர் வாழ்கிற மாவட்டங்களில் சட்டத்தைச் சொல்லித்தான் கேட்க வேண்டுமா என்பது வேறு கதை.

கண்ணிவெடி அகற்றிய காணிதான். இன்னும் யோசிக்க வேண்டுமா?

வேண்டும். காணி விடுவிப்புப் பத்திரத்தில் எல்லையும் ஆழமும் பாருங்கள். கண்ணிவெடி அகற்றல் மேல்மண்ணைப் பார்க்கிற வேலை, நீங்களோ ஒன்றரை மீற்றர் தோண்டப்போகிறீர்கள். வெடிக்காத எறிகணை அந்த ஆழத்தில் இருக்கக்கூடும். மூடப்பட்ட பழைய பதுங்குகுழி, கிணறு இருந்த இடம் என்றால் கூடுதல் கவனம். அந்த இடம் அத்திவாரத்துக்கும் பொல்லாதது, நிரப்பிய மண் பிறகு இறங்கும்.

வெளியிலிருந்து ஏற்றி வரும் கிறவலும் அப்படித்தான். எந்தக் குழியிலிருந்து வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். ஏதாவது தென்பட்டால் தொடாமல், தோண்டும் இயந்திரத்தை அந்த இடத்திலேயே நிறுத்தி, ஆட்களை விலக்கி, அடையாளமிட்டு, பொலிசுக்கு அறிவியுங்கள். இதனால் போகிற நாட்களுக்குக் கால நீடிப்புக் கொடுப்பதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒப்பந்தகாரர் சொல்லாமல் மூடிவிடுவார்.

வரைகூடத்துக்கு வடக்கு வெளிச்சம்தானே சிறந்தது?

புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அந்தப் புத்தகங்கள் வேறு அகலாங்கில் எழுதப்பட்டவை. அகமதாபாத்தில் பி.வி. தோஷி வடிவமைத்த கட்டடக்கலைப் பள்ளியில் வடக்குப் பார்த்த கூரை வெளிச்சம் அருமையாக வேலை செய்கிறது. அகமதாபாத் 23 பாகையில் இருக்கிறது, அங்கே நண்பகல் வெயில் வடக்கே தாண்டுவதே இல்லை என்று சொல்லலாம். கிளிநொச்சி 9.4 பாகையில். சித்திரைப் புத்தாண்டளவில் சூரியன் எங்கள் உச்சியைக் கடந்து வடக்கே போய், ஓகஸ்ட் இறுதியில்தான் திரும்பும். நாலரை மாதம் வடக்கு யன்னலுக்கும் நேர் வெயில் உண்டு. வடக்குப் பார்த்த வாள்பல் கூரையை அப்படியே இங்கே போட்டால், சோளகக் (தென்மேற்குக் காற்றுக்) காலத்தில் மாணவர் கண்ணாடிக்குக் கடதாசி ஒட்டுவார்கள்.

கணக்கு இதுதான். டிசம்பரில் நண்பகல் சூரியன் தெற்கே 57 பாகை உயரம். 1.5 மீற்றர் உயர யன்னலை முழுதாக மறைக்கத் தெற்கே 0.97 மீற்றர் மறைப்பு வேண்டும். ஜூனில் வடக்கே 76 பாகை, 0.37 மீற்றர் போதும். ஆனால் ஜூன் காலையில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி எழும்புகிறது. அந்தச் சரிந்த வெயிலுக்குப் படுக்கை மறைப்பு உதவாது, நிமிர்ந்த துடுப்புச் சுவர்கள் வேண்டும். தெற்கே இரண்டு மீற்றர் விறாந்தை, வடக்கே அரை மீற்றர் இறவாரத்தோடு துடுப்புச் சுவர், நீளப்பக்கம் கிழக்கு மேற்காக: மாதிரிக் கட்டடம் அப்படித்தான் இருக்கிறது. இரு பக்கமும் யன்னல் இருப்பதால் 7.5 மீற்றர் அகலத்துக்கும் நடுவில் இருட்டு விழாது.

கூரைக்கு ஓடா, சீற்றா?

சீற் மட்டும் போட்டால் பகலில் வெக்கை, மாரியில் இரைச்சல். கார்த்திகை மழையில் விரிவுரையாளர் சொல்வது இரண்டாவது மேசைக்குக் கேட்காது. ஓடு மட்டும் போட்டால் குரங்கு. ஓட்டை நகர்த்திவிட்டுப் போகும், ஒழுகுவது அடுத்த மழையில்தான் தெரியவரும், அதற்குள் ஒருவருடைய இறுதியாண்டு வேலை நனைந்திருக்கும். இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா பயன்படுத்திய முறை இங்கே பொருந்துகிறது: கீழே நெளி சீற், அதன் மேல் அரைவட்ட ஓடு. ஓடு நகர்ந்தாலும் தண்ணீர் உள்ளே வராது, வெக்கையும் இரைச்சலும் குறையும். அஸ்பெஸ்ரஸ் வேண்டாம், நாகம்-அலுமினியம் பூசிய இரும்புச் சீற் எடுங்கள். ஓட்டின் பாரத்தைக் கைமரக் கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம். சீற்றுக்கென்று கணக்கிட்ட கூரையில் பிறகு ஓடு ஏற்றக்கூடாது.

பழைய கட்டடமும் புதியதும் சேருகிற இடத்தில் ஏன் எப்போதும் வெடிப்பு?

பழையது இறங்கி முடிந்துவிட்டது, புதியது இனித்தான் இறங்கும். இரண்டையும் இறுக்கிக் கட்டினால் அந்த இடத்தில் வெடிக்காமல் என்ன செய்யும்? பழைய தூணில் துளை போட்டுப் புது பீமைச் செருகுவது மிகப் பொதுவான தவறு. புதிய கட்டடத்துக்குத் தன் சொந்தத் தூண் வரிசை வேண்டும், நடுவே 25 மில்லிமீற்றர் இடைவெளி. அந்த இடைவெளி தரை, சுவர், கூரை மூன்றிலும் தொடர்ச்சியாக ஓட வேண்டும். மேசன் "அசிங்கமாக இருக்கிறது" என்று சாந்தால் அடைத்துப் பூசிவிடுவார், அடுத்த கோடையில் பூச்சு உரியும். இளகும் பசை நிரப்பி, ஒரு பக்கம் மட்டும் ஆணியடித்த அலுமினியத் தகட்டால் மூடுங்கள்.

தோண்டும்போது பழைய அத்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே அதன் பக்கத்தில் போகக்கூடாது. போயே ஆகவேண்டுமென்றால் ஒரு மீற்றர் சொச்சத் துண்டுகளாக, ஒன்றைத் தோண்டிக் கொங்கிறீற்றுப் போட்டு இறுகிய பிறகே அடுத்தது. மாரியில் இதைத் தொடவே வேண்டாம்.

கூரைகள் சந்திக்கிற பள்ளப் பீலி மற்றப் பலவீனம். சருகு அடைத்தால் தண்ணீர் உள்பக்கம்தான் வழியும். எங்கள் விருப்பம், இரண்டு கட்டடத்துக்கும் இடையில் மூன்று மீற்றர் வெளி விட்டு, சிறு சிலாப் நடைபாதையால் இணைப்பது. காற்றும் வரும். ஒரே தளமாக ஒட்டித்தான் கட்டவேண்டும் என்றால் தீத்தடுப்பையும் யோசிக்க வேண்டும். 2011இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகம் இரண்டு பழைய கட்டடங்களை ஒரே பெரிய வரைகூடத் தளத்தால் இணைத்தது. அப்படி இணைக்கும்போது மூன்றும் சேர்ந்து ஒரே தீப்பரப்பாகிவிடும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கடதாசியும் தக்கையும் பசையும் நிறைந்த இடம் வரைகூடம். இணைப்பில் தானாக மூடும் தீக்கதவு, ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனிப் படிக்கட்டு.

கொங்கிறீற்று வேலையில் இங்கே தனியாகக் கவனிக்க வேண்டியது?

காற்றும் தண்ணீரும். சோளகத்தில் காலை பத்து மணிக்குப் போட்ட சிலாப் பின்னேரத்துக்குள் மேலே மயிர்வெடிப்புக் காட்டும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போடுங்கள், தேய்த்து முடித்த உடனே பொலித்தீனால் மூடுங்கள், மறுநாள் முதல் ஈரச்சாக்கு. ஏழு நாள் என்பது குறைந்தபட்சம், இந்தக் காற்றில் பத்து நாளாவது நனைக்க வேண்டும்.

குழாய்க்கிணற்றுத் தண்ணீரை முதலில் பரிசோதியுங்கள். கம்பி போட்ட கொங்கிறீற்றுக்குக் குளோரைட் லீற்றருக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. சவர்த்தண்ணீரில் நனைத்தாலும் தீமைதான், குழைக்க மட்டும் நல்ல தண்ணீர் எடுத்தால் போதாது. மணலுக்கு அனுமதிப்பத்திரம் உள்ள ஆற்றுமணல். உப்பு நக்கிப் பார்த்துச் சொல்கிற பழைய வழக்கத்தை நம்ப வேண்டாம்.

வேலை ஏன் எப்போதும் பிந்துகிறது?

வரவுசெலவு ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. ஒதுக்கீடு, கேள்விப்பத்திரம் (ரெண்டர்), மதிப்பீடு, கையெழுத்து எல்லாம் முடிய செப்ரெம்பர். அத்திவாரக் குழி வெட்டுகிறபோது மாரி வந்துவிடும். குழியில் தண்ணீர், இறைக்கக் காசு, அடிமண் சேறு, டிசம்பரில் பணம் திரும்பிப் போகிற பயம், அந்த அவசரத்தில் ஈர மண்ணிலேயே கொங்கிறீற்று. வடிவமைப்பையும் கேள்விப்பத்திரத்தையும் முதல் ஆண்டில் முடித்து, மண்வேலையை மாசி, பங்குனியில் தொடங்கும்படி ஒப்பந்தத் திகதியை வைப்பதுதான் தீர்வு. செப்ரெம்பருக்குள் கூரை ஏறியிருந்தால் மாரியில் உள்வேலை பார்க்கலாம்.

மாதிரி உரு செய்யும் பட்டறை எங்கே?

எங்கள் இரண்டு காற்றும் தென்மேற்கு, வடகிழக்கு. ஆகவே பட்டறை வடமேற்கிலோ தென்கிழக்கிலோ. மரத்தூளும் லேசர் வெட்டியின் புகையும் எந்தப் பருவத்திலும் வரைகூடத்துக்குள் வராது.

கறையான், ஈசல்?

கறையானுக்குத் தரைக் கொங்கிறீற்றுப் போடுமுன் மண்ணுக்கு மருந்து, விரிவாக்கும்போது புதுப் பகுதிக்கும் அப்படியே. இணைப்பு இடைவெளிதான் அது நுழைகிற வழி. அலுமாரிகள் இரும்பில், சுவரிலிருந்து 50 மில்லிமீற்றர் தள்ளி. தாள் ஒட்டும் சுவருக்கு மென்பலகை போட்டால் மாரியில் ஊதும். 12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையைச் சட்டத்தில் பொருத்தி, பின்னால் காற்றுப் போக விடுங்கள். ஈசலுக்கு யன்னல் வலையைத் தவிர வழியில்லை. முதல் மழை இரவில் வெளிச்சம் எரிகிற ஒரே கட்டடம் வரைகூடமாகத்தான் இருக்கும், ஒட்டு காயாத மாதிரி உருக்களில் இறகெல்லாம் ஒட்டியிருக்கும்.

வேலை முடிந்ததும் என்னென்ன ஆவணங்களை வாங்கி வைக்க வேண்டும்?

கட்டியபடியான வரைபடம் (ஒப்பந்த வரைபடம் அல்ல), மண் அறிக்கை, கொங்கிறீற்றுக் கட்டிகளின் பரிசோதனை முடிவுகள், ஒவ்வொரு அத்திவாரத்தின் உண்மையான அளவும் ஆழமும், நிலத்தடிக் குழாய், மின்கம்பி போகிற பாதை, கம்பி கட்டி முடித்துக் கொங்கிறீற்றுக்கு முன் எடுத்த படங்கள், அளவுகோல் தெரியும்படி. ஒப்பந்தகாரருக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்திருக்கும் தொகையை விடுவிக்குமுன் கேளுங்கள், பிறகு கிடைக்காது. ஒரு பிரதி வேலைப் பகுதியிலும் இன்னொன்று நூலகத்திலும் இருக்கட்டும். இவை இல்லாவிட்டால் அடுத்த விரிவாக்கத்துக்கு வருகிற பொறியியலாளர் தூணடியில் குழி வெட்டி அத்திவாரத்தை அளந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.